முழங்கை வலியும் வழுக்கும் தரையும்: செல்லப்பிராணி கேள்வி – பதில்

போன இதழில் லாப்ரடார் குட்டிகளைப் பற்றி இரண்டு வரி எழுதியதுதான் தாமதம், முன்னங்கால் நொண்டலைப் பற்றியே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை முழுக்க முழங்கைதான். பூனை வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்விகள் அடுத்த மாதம்.

கேள்வி: எங்கள் லாப்ரடார் லட்டுவுக்கு ஏழு மாதம். காலையில் எழுந்ததும் இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். கொஞ்ச தூரம் நடந்தால் சரியாகிவிடுகிறது. பூங்காவில் ஓடி விளையாடிவிட்டு வந்தால் மாலையில் மறுபடியும் நொண்டல். ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, "ஒன்றுமில்லை, வளர்கிற வலிதான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இன்னொரு டாக்டர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. உண்மையிலேயே தேவையா?
– வாசகர், சிராங்கூன் கார்டன்ஸ்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தேவை என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரிய இன நாய், ஐந்து முதல் எட்டு மாத வயது, முன்னங்காலில் நொண்டல், படுத்து எழுந்தால் விறைப்பு. இவை சேர்ந்து வந்தால் நான் முழங்கையிலிருந்துதான் தொடங்குவேன். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் எல்லாம் முழங்கை மூட்டு சரியாக வளராத குறைக்கு (எல்போ டிஸ்ப்ளேசியா என்பார்கள்) பேர்போன இனங்கள். பெரிதும் பரம்பரையாக வருவது. நீங்கள் பூங்காவில் ஓடவிட்டதால் வந்ததில்லை, அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் விடுங்கள்.

நாயின் முழங்கையில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. மேலே ஹியூமரஸ், கீழே ரேடியஸும் அல்னாவும். கீழே உள்ள இரண்டும் ஒரே அளவில் வளர்ந்துகொண்டே வர வேண்டும். ரேடியஸ் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் பின்தங்கிவிட்டாலும் அது தாங்க வேண்டிய சுமை அல்னாவின் உட்பக்க நுனியில் இறங்கிவிடும். கொரோனாய்டு என்று சொல்வார்கள் அந்த நுனியை. நாயின் எடையில் சுமார் 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாரம் தாங்காமல் நுனி விரிசல் விட்டு, துண்டாகவும் உடைகிறது. ஆட்டுக்கல்லில் மாவோடு ஒரு கல் மாட்டிக்கொண்டால் குழவியும் தேயும், குழியும் தேயும் இல்லையா, அதுதான் உள்ளே நடக்கிறது.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை? கொரோனாய்டு நுனியின் மேல் ரேடியஸின் நிழல் விழுந்து மறைத்துவிடும். துண்டு இருந்தாலும் படத்தில் பல சமயம் பிடிபடாது. மூட்டுத் தேய்மானம் தொடங்கி ஓரங்களில் புது எலும்பு முளைத்த பிறகுதான் எக்ஸ்ரே பேச ஆரம்பிக்கும். அதனால் எக்ஸ்ரேயில் காணவில்லை என்பதற்காக முதல் கிளினிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். "ஒன்றுமில்லை" என்று சொன்னதற்குச் சொல்வேன். சிடி ஸ்கேன் மூட்டைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுவதால் இந்த நுனி தனியாகத் தெரியும்.

வளர்கிற வலி என்று ஒன்று இல்லாமல் இல்லை. பானோஸ்டியைட்டிஸ் என்பார்கள். வளரும் பெரிய நாய்களுக்கு, அதிலும் ஆண் ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு நிறைய வரும். ஆனால் அது இன்று ஒரு கால், இரண்டு வாரம் கழித்து வேறு கால் என்று இடம் மாறும். நீளமான எலும்பின் நடுவில் அழுத்தினால் வலிக்கும். மூட்டை மடக்கினால் அவ்வளவாக வலிக்காது. லட்டு விஷயத்தில் ஒரே கால்தான் மாதக்கணக்கில் என்றால் அந்தக் கதை பொருந்தவில்லை. தோள்பட்டை மூட்டிலும் இதே வயதில் குருத்தெலும்பு பிரியும் கோளாறு வரும். அதையும் டாக்டர் தொட்டுப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும்.

ஸ்கேனுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் அவன் எழுந்து நடக்கும்போது போனில் ஸ்லோமோஷனில் படம் எடுங்கள். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கிளினிக்குக்குள் நுழைந்ததும் பயத்திலும் குஷியிலும் நாய்கள் நொண்டவே நொண்டாது, எங்களை முட்டாளாக்கிவிடும். படத்தில் தலையைப் பாருங்கள். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். தலை ஆடவில்லை, ஆனால் நடை குறுகிப்போய், பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? அப்படியென்றால் இரண்டு முழங்கையிலும் வலி இருக்கலாம். பல நாய்களுக்கு இரண்டிலும் இருக்கிறது. ஒன்று மட்டும் நொண்டினாலும் இரண்டையும் ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

பணம் பற்றி: ஸ்கேனும் அறுவையும் சேர்ந்தால் பல ஆயிரம் வெள்ளி ஆகும், மறைக்க ஒன்றுமில்லை. ஸ்கேனுக்கு மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும். துண்டு இருப்பது தெரிந்தால் அதே மயக்கத்தில் ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியே மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் அறுவை, செய்துவிட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். காப்புறுதி இருந்தால் பரம்பரை நோய்களுக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்று இன்றைக்கே படித்துவிடுங்கள், ஸ்கேன் எடுத்த பிறகு அல்ல.

கேள்வி: எங்கள் கோல்டன் ரெட்ரீவர் மீனுவுக்கு இரண்டு முழங்கையிலும் ஆர்த்ராஸ்கோப்பி முடிந்து சில நாள்தான் ஆகிறது. எட்டு வாரம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொண்டோ வீடு, தரை முழுக்க மார்பிள். மாமியார், இரண்டு பிள்ளைகள், பணிப்பெண் எல்லாரும் இருக்கிறோம். அவளோ இப்போதே பந்தைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கிறாள். எப்படிச் சமாளிப்பது டாக்டர்? பழையபடி ஆகிவிடுவாளா?
– வாசகி, பிடோக்

பதில்: பந்தோடு நிற்கிறாள் என்றால் வலி மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். மூட்டு ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆர்த்ராஸ்கோப்பியில் வெளிக்காயம் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. அதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் தைரியமாகிவிடுவார்கள். உள்ளே உடைந்த துண்டை எடுத்து, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் வடுத்திசு நிரம்ப வாரக்கணக்கில் ஆகும்.

முதலில் தரை. பெரிய நாயை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்க்க அனுமதி இல்லாததால் எனக்கு வரும் முழங்கைகளில் பெரும்பாலானவை கொண்டோவிலும் தரைவீட்டிலும் வளர்பவை, வழவழ மார்பிளும் அங்கேதான். நாய் வழுக்கும்போது முன்னங்கால்கள் பக்கவாட்டில் விரியும். அந்த ஒரு இழுப்பு போதும், ஒரு வாரம் பின்னால் போய்விடலாம். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல், இந்தப் பாதை முழுவதும் ரப்பர் அடியுள்ள விரிப்போ யோகா பாயோ போடுங்கள். வீட்டை முழுக்க மூட வேண்டாம். பாதைக்கு வெளியே போக முடியாதபடி தடுப்பு வையுங்கள். பாதத்துக்கு அடியில் வளர்ந்திருக்கும் முடியையும் வெட்டிவிடுங்கள், யாரும் சொல்லாத விஷயம் இது.

அடுத்து நடை. உங்கள் அறுவை நிபுணர் கொடுத்த தாள்தான் சட்டம், என்னுடையது பொதுவான கணக்கு. முதல் இரண்டு வாரம் ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும், ஐந்து நிமிடம், குட்டையான வார்ப்பட்டியில். தையல் பிரிக்கிற 10 – 14 நாள் வரை கழுத்துக் கூம்பு கழற்றக் கூடாது. அதன் பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் ஒவ்வொரு நடையையும் நீட்டலாம். மெதுவாக நடக்க வேண்டும். மெதுவாக நடந்தால்தான் அந்தக் காலை ஊன்றுவாள், வேகமாகப் போனால் துள்ளித் தப்பித்துவிடுவாள். ஒரு நாள் நொண்டல் கூடினால் முந்தைய வார அளவுக்கு இறங்குங்கள். நம் ஊர் வெயிலுக்குக் காலை எட்டுக்கு முன், மாலை ஏழுக்குப் பின். படிக்கட்டு வேண்டாம், காரில் ஏற்ற சாய்வுப்பலகை வையுங்கள். அல்னாவை வெட்டிச் சீராக்கும் அறுவையும் சேர்த்துச் செய்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, எலும்பு கூடியதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான் நடையைக் கூட்டுவார்கள்.

இப்போது வீட்டு மனிதர்கள். உண்மையைச் சொல்லுங்கள், மீனுவை நடக்கக் கூட்டிப் போவது யார்? பணிப்பெண் என்றால் மறுபரிசோதனைக்கு அவரையும் அழைத்து வாருங்கள். நொண்டல் கூடியதா குறைந்ததா என்று கேட்டால் முதலாளியம்மா யோசிப்பார், அக்கா டக்கென்று பதில் சொல்வார், எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை அவர் படிக்கிற மொழியில் எழுதி வார்ப்பட்டி மாட்டும் இடத்தில் ஒட்டுங்கள். கதவுக்கு வெளியே "மணி அடிக்காதீர்கள்" என்று எழுதி வையுங்கள். பார்சல் கொண்டுவருபவர் மணி அடித்ததும் வாசலுக்குப் பாயாத கோல்டனை நான் பார்த்ததில்லை. அப்படியும் அடங்கவில்லை என்றால் அமைதிப்படுத்தும் மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு அவள் சோபாவில் தாவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்? பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுங்கள். துண்டுத் துணியில் உணவை மறைத்து மோந்து தேட வைப்பதும் அவளைக் களைப்பாக்கும்.

மாமியாரிடம் பக்குவமாகப் பேச வேண்டியது சாப்பாட்டைப் பற்றி. ஓடாத நாய்க்கு ஓடுகிற நாயின் சாப்பாடு ஆகாது. அளந்து போடுங்கள், தோசை ஓரம், தயிர்ச்சோறு எல்லாம் அந்த அளவுக்குள்தான். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகவே வாழ்நாள் முழுவதும் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வந்தது. குறைவாகத் தின்றவை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதத்துக்கான மருந்தும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் தேவைப்பட்டது. மீனுவின் முழங்கைக்கு நான் எழுதித் தரக்கூடிய எந்த மாத்திரைக்கும் இந்தப் பலன் கிடையாது.

பழையபடி ஆகிவிடுவாளா என்று கேட்டீர்கள். வலி குறைந்து, நன்றாக நடந்து, ஓடிக்கூட விளையாடும் நாய்கள் நிறைய. ஆனால் அந்த மூட்டு புது மூட்டு ஆகாது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப முளைக்காது, தேய்மானம் மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். மழைக்காலத்தில், கூடுதலாக ஓடிய மறுநாளில், சில நாள் மருந்து தேவைப்படலாம். குதித்துக் குதித்துப் பந்து பிடிக்கிற விளையாட்டுக்கு இனி விடை கொடுங்கள். குட்டி போடவும் விடாதீர்கள், இந்த முழங்கை அடுத்த தலைமுறைக்கும் போகும்.

நன்றாக ஊன்றிக்கொண்டிருந்த காலைத் திடீரென்று தூக்கிக்கொண்டால், மூட்டு சூடாக வீங்கினால், காயத்தில் நீர் கசிந்தால் அன்றைக்கே போங்கள். வலி மருந்து சாப்பிடும்போது வாந்தி, கறுப்பு மலம் வந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் மினியேச்சர் பின்ஷர் குட்டிக்கு நாலு மாதம். நேற்று இரவு சோபாவிலிருந்து குதித்துக் கத்தினான். அதிலிருந்து வலது முன்காலைத் தரையில் வைக்கவே இல்லை. சின்ன நாய்க்கும் இந்த முழங்கை நோய் வருமா? ஒரு வாரம் பார்க்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இது லட்டுவின் நோய் இல்லை. நாலு மாதக் குட்டி உயரத்திலிருந்து குதித்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தால் ஹியூமரஸின் அடிப்பகுதி, முழங்கைக்குள்ளேயே, வெளிப்பக்கமாக உடைந்திருக்கலாம். சின்ன இனக் குட்டிகளுக்கு இந்த வயதில் அடிக்கடி நடப்பது. இதற்கு எக்ஸ்ரே போதும். உடைந்திருந்தால் மாவுக்கட்டு சரிப்படாது. மூட்டின் பரப்பு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும், அதற்குக் குறுக்கே திருகாணி போட்டு இறுக்குவார்கள். ஓரிரு நாளில் செய்தால் சுலபம். ஒரு வாரம் காத்திருந்தால் உடைந்த இடத்தில் திசு வளர்ந்து பொருத்துவதே போராட்டமாகிவிடும்.

கேள்வி: எங்கள் நாய் இரவில் வலியில் முனகுகிறது. பனடோல் பாதி கொடுக்கலாமா? நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கொடுக்காதீர்கள். நாய்க்கான அளவு வேறு, கல்லீரல் போய்விடும். இபுபுரோஃபன் இன்னும் மோசம், வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு. வீட்டில் பூனையும் இருந்தால் பனடோல் ஒரு மாத்திரையே அதன் உயிரை எடுக்கும். நாய்க்கென்றே கார்ப்ரோஃபென், மெலாக்ஸிக்காம் போன்ற மருந்துகள் இருக்கின்றன, எடை பார்த்து டாக்டர் தருவார். எண்ணெய் தேய்த்தால் நக்கித் தின்றுவிட்டு வயிற்றுப்போக்கு வரும். வலிக்கிற மூட்டை உருவவும் வேண்டாம்.

கேள்வி: முதல் நாய்க்கு முழங்கை அறுவை ஆனது. இப்போது ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கியிருக்கிறோம். எலும்பு பலப்பட கால்சியம் பொடி, கேழ்வரகு, பால் கொடுக்கிறோம். சரியா?
– வாசகர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: பொடியை இன்றே நிறுத்துங்கள். ஆறு மாதத்துக்குக் கீழான குட்டியின் குடல், கூடுதல் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். எலும்பு வளர்ச்சி அதனால்தான் கெடும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் உணவில் தேவையான கால்சியம் அளவாக இருக்கிறது. கேழ்வரகு ஒரு வாய் போனால் போகட்டும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. அல்னாவின் பின்பக்க நுனி சுமார் ஐந்து மாதத்துக்குள் எலும்போடு ஒட்ட வேண்டும், சில குட்டிகளுக்கு ஒட்டாமல் தனியாக நிற்கும். ஐந்து மாதம் தாண்டியும் நொண்டினால் மடக்கிய முழங்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கொரோனாய்டு மாதிரி இல்லை, இது படத்தில் நன்றாகத் தெரியும்.

கேள்வி: அறுவைக்குப் பிறகு நீச்சல் நல்லது என்கிறார்களே, ஈஸ்ட் கோஸ்ட்டில் கடலில் விடலாமா?
– வாசகர், மரின் பரேட்

பதில்: எட்டு வாரத்துக்குள் கடலா, வேண்டவே வேண்டாம். நீந்தும்போது நாய் முன்னங்காலைத்தான் பலமாக அடிக்கும், முழங்கை மிக அதிகமாக மடங்கி விரியும். மணலில் ஓடி ஏறுவது அதைவிட மோசம். தையல் பிரித்து, நிபுணர் சரி என்ற பிறகு தண்ணீருக்குள் நடக்கும் டிரெட்மில்லில் தொடங்குங்கள், இங்கே அந்த வசதியுள்ள மறுவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. இடுப்பு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் உடல் எடையில் 60 விழுக்காட்டைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும், நடையும் மெதுவாகவே இருக்கும். குளத்தில் நீந்துவது அதற்கடுத்த கட்டம், அதுவும் மிதவைச் சட்டை போட்டு, ஆள் கூடவே இறங்கி.