பேட்டரி இறங்கும்போது அலையின் உச்சிக்கு என்ன ஆகிறது?

அன்புள்ள ஐயா,

லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது எங்கள் தொழிற்சாலையில் பேட்டரி கன்டெய்னர் ஒன்றை வைத்தார்கள். 240 எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் தொடராக, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை (டிசி) மாறுமின்னோட்டமாக்கும் 400 வோல்ட் மூன்று ஃபேஸ் இன்வர்ட்டர். மாலைச் சுமையில், சார்ஜ் மிச்சமிருக்கும்போதே 'டிசி வோல்டேஜ் குறைவு' என்று நின்றுவிடுகிறது. பண்பேற்ற முறையை, அதாவது அலையை உருவாக்க இன்வர்ட்டர் தன் சுவிட்சுகளைத் திறந்து மூடும் முறையை, மாற்றினால் சரியாகுமா என்று பராமரிப்புக்கு வந்தவரிடம் கேட்டேன். "பி.டபிள்யூ.எம். (துடிப்பு அகலப் பண்பேற்றம்) எல்லாம் ஒன்றுதான்" என்றார். அப்படித்தானா?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

டிசி வோல்டேஜ் நிலையாக இருக்கும் இடத்தில் அவர் சொன்னதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம், பேட்டரியில் முடியாது. உங்கள் செல் ஒவ்வொன்றும் நிரம்பியபோது 3.65 வோல்ட், வழக்கமாக 3.2, அடிமட்டத்தில் 2.5. அதாவது 240 செல்களின் தொடர் 876 வோல்ட்டிலிருந்து 600 வரை இறங்கும்.

சாதாரண சைன் பி.டபிள்யூ.எம். முறையில் ஒரு ஃபேஸின் உச்சம் டிசியில் பாதியைத் தாண்டாது. 400 வோல்ட் லைனுக்கு ஃபேஸ் உச்சம் ஏறக்குறைய 326.6 என்பதால், டிசி குறைந்தது 653 இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் அலையின் தலை, அரிவாளால் சீவிய இளநீர்போலத் தட்டையாகிவிடும். பைன்டவுன் பக்கம் ஒரு பட்டறையில் ஆசிலாஸ்கோப்பை மாட்டி இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். 250, 350 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகள் (50 ஹெர்ட்ஸ் அடிப்படை அலையின் மடங்கு அதிர்வெண் அலைகள்) ஏறி, மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

ஸ்பேஸ் வெக்டர் என்ற இன்னொரு பி.டபிள்யூ.எம். முறையில் அதே வேலைக்கு 566 வோல்ட் டிசி போதும். மூன்று கம்பி அமைப்பில் சுமை காண்பது ஃபேஸ்களுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே. மூவர் நிற்கும் பலகையைத் தூக்கினாலும் இறக்கினாலும் அவர்களுக்குள் இருக்கும் உயர வேறுபாடு மாறாது அல்லவா? அதுபோல மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான ஓர் அலையைச் சேர்த்து, கூரையில் இடிக்கவிருக்கும் உச்சியைச் சற்றே தாழ்த்துகிறார்கள். சைன் அலையோடு அதன் ஆறில் ஒரு பங்கு அளவில் மூன்றாம் ஹார்மோனிக்கைச் சேர்த்தாலும் இதே 15 விழுக்காடு ஆதாயம் கிடைக்கும்.

செல் கணக்கில் சொன்னால், முதல் முறை 2.72 வோல்ட்டில் கைவிரிக்கும்; இரண்டாவது, செல்லின் அடிமட்டமான 2.5 வரை தாங்கும். அலையைச் சீராக்கும் ஃபில்டரில் விழும் வோல்டேஜ் இரண்டு எல்லைகளையும் சற்று உயர்த்தும். 3 வோல்ட்டுக்குக் கீழே எல்.எஃப்.பி. செல்லில் மிச்சமிருக்கும் ஆற்றல் சொற்பம்தான் என்பது உண்மை. ஆனால் மாலையில் மின்னோட்டம் ஏறும்போது, சார்ஜ் இருந்தும் வோல்டேஜ் தற்காலிகமாக அங்கே சரியும். உங்கள் தொல்லை அந்தச் சரிவில் இருக்கலாம். கிரிட்டோடு இணைந்திருக்கையில் கிரிட்டின் வோல்டேஜ் 10 விழுக்காடு உயர்ந்திருந்தால், சைன் முறைக்கு 718 வோல்ட் தேவைப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், நியூட்ரலை டிசி கெப்பாசிட்டர்களின் நடுப்புள்ளியில் நேரடியாகக் கட்டியிருந்தால், பொதுவாகச் சேர்த்த அலை சுமைக்கே போய்விடும், இந்த ஆதாயம் கிடைக்காது. முறையை மாற்றச் சொல்லும்முன் அந்த வயரிங்கைப் பாருங்கள். பிறகு, அடுத்தமுறை நிற்கும் கணத்தில் இன்வர்ட்டரின் டிசி முனையில் அளந்து பாருங்கள். 650, 680 என்று இருந்தால், பண்பேற்றத்தைப் பற்றி அவரிடம் மீண்டும் பேசலாம். 600ஐ ஒட்டி இருந்தால் ஸ்பேஸ் வெக்டர் ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது தேடவேண்டியது பலவீனமான செல்லையோ தளர்ந்த இணைப்பையோதான்.