சட்டம் கேளுங்க: மறியலுக்குள்ள இருந்து போடுற மனு

கேள்வி (வாசகி, களுவாஞ்சிகுடி): ஐயா, என்ட அக்காட மகன் நியூயோர்க்ல மறியல்ல இருக்கான். அங்கத்த ஸ்டேட் (மாநில) கோட்ல தண்டனை குடுத்து, கடைசி அப்பீலும் போன மாசம் தள்ளுபடியாப் போச்சி. இனி ஃபெடரல் (மத்திய அரசு) கோட்ல ஆட்கொணர்வு மனு போடலாமாம் எண்டு கோல் எடுத்துச் சொன்னவன். இங்க மட்டக்களப்பு ஹைகோட்ல போடுற மாதிரித்தானா? நிறையக் காசு முடியுமா?

பதில்: பேர் ஒண்டுதான் தங்கச்சி, வேலை வேற. இங்க நம்மட ஆக்கள் பிள்ளையப் புடிச்சிட்டுப் போய் எங்க வெச்சிரிக்காங்க எண்டே தெரியாம, ஆளக் கொண்டுவந்து காட்டுங்க எண்டு கேட்டுத்தான் இந்த மனுவப் போட்டவங்க, கிழக்குல இத அறியாத ஊர் இல்ல. அங்க ஆள் இருக்கிற இடம் தெரியும், ஆனா அவனுக்குக் குடுத்த தண்டனை அமெரிக்க அரசியலமைப்ப மீறி வந்ததா எண்டு ஃபெடரல் ஜட்ஜ் பாக்கணும் எண்டு கேக்கிறாங்க. 1867ல இருந்தே ஸ்டேட் கைதிகளுக்கு இந்த வழி இருக்கு. லோயர் கேஸ ஒழுங்காப் பேசல்ல, சாதகமான சாட்சியத்த அரச தரப்பு மறைச்சிட்டு, அடிச்சு வாக்குமூலம் எடுத்தாங்க, இப்பிடி ஏதாவது இருக்கணும், அதையும் முதல்ல ஸ்டேட் கோட்லயே சொல்லியிருக்கணும். கேஸ முழுசா மறுகா விசாரிங்க எண்டா எடுக்க மாட்டாங்க.

காசு பெரிசில்ல, பைலிங் பீஸ் 5 டொலர்தான். நாள்தான் முக்கியம். 1995ல ஒக்லஹோமா குண்டுவெடிப்பு நடந்து, அடுத்த வருசம் கொண்டுவந்த சட்டம் ஒரே ஒரு வருசம்தான் டைம் குடுக்குது. அங்கத்த சுப்ரீம் கோட்டுக்குப் போக இருக்கிற 90 நாளும் முடிஞ்ச பிறகு, போகாட்டியும், அந்த வருசம் ஓடத் தொடங்கும். இடையில ஸ்டேட் கோட்ல தண்டனைய எதிர்த்து வேற மனு முறையாப் போட்டா அது முடியுமட்டும் கணக்கு நிக்கும், ஆனா ஃபெடரல் கோட்ல போட்ட மனு கிடப்புல கிடந்தா நிக்காது, இதுல ஏமாந்தவங்க நிறையப் பேர். மரண தண்டனைக் கேஸ் இல்லாட்டி அரசாங்க லோயர் உரிமையாக் கிடைக்காது, ஜட்ஜ் விரும்பினாத்தான். மறியலுக்குள்ள தனியா இருந்து சட்டம் படிச்சு எழுதுறவனுக்கு ஒரு வருசம் எண்டுறது அநியாயம் எண்டுதான் நான் சொல்லுவன். அவன் லோயர் இல்லாமப் போடுறதெண்டா மனுவ மறியல் தபால்ல குடுக்கிற நாளையே தாக்கல் பண்ணின நாளா எடுப்பாங்க, அந்த ரசீதப் பத்திரமா வைக்கச் சொல்லுங்க. எல்லாப் பொயின்டையும் முதல் மனுவிலயே போடச் சொல்லுங்க, ரெண்டாவது மனுவுக்கு மேல்கோட்ட அனுமதி எடுக்கணும், லேசில கிடைக்காது.

கேள்வி (வாசகர், அக்கரைப்பற்று): ஸ்டேட் கோட் பிழை விட்டா ஃபெடரல் ஜட்ஜ் கட்டாயம் விடுவாரா?

பதில்: இல்ல தம்பி. பிழை எண்டு மட்டும் காட்டினாக் காணாது, நியாயமான எந்த ஜட்ஜும் ஏத்துக்கொள்ள ஏலாத பிழை எண்டு காட்டணும். 1996க்குப் பிறகு கன பேர் தோக்கிறது இங்கதான். தோத்தா அப்பீலுக்கு 30 நாள், அதுக்கும் முதல்ல அனுமதிச் சான்றிதழ் வேணும்.