காலையில் காலியாகக் கிடக்கும் ஃபோல்டர்

கேள்வி: எங்கள் டிடிபி கடையின் ஃபைல்கள் எல்லாம் ஒரு டெபியன் (லினக்ஸ் வகை) சர்வரில் இருக்கின்றன. இரண்டு உபுண்டு கம்ப்யூட்டர்கள் வைஃபை மூலம் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக அவற்றை எடுக்கின்றன. காலையில் ஆன் செய்தால் ஃபோல்டர் காலி. 'சூடோ மவுன்ட் மைனஸ் ஏ' என்று அடித்து மவுன்ட் செய்தால், அதாவது ஃபோல்டரை இணைத்தால், உடனே வந்துவிடுகிறது. எஃப்எஸ்டேப்பில் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல் ஃபைல்) 'இதற்கு நெட்வொர்க் தேவை' என்று சொல்லும் '_நெட்டெவ்' சேர்த்தும் பயனில்லை. என்ன செய்வது?
வாசகர், சிவகாசி

பதில்: கையால் அடித்தால் வருகிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சர்வரில் குறையில்லை, எஃப்எஸ்டேப் வரியிலும் பிழையில்லை, பெரும்பாலும் நெட்வொர்க் வருவதற்கு முன்பே மவுன்ட் ஓடிவிடுகிறது, அவ்வளவுதான். '_நெட்டெவ்' உதவாததற்கும் காரணம் உண்டு: வகை என்எஃப்எஸ் என்று இருந்தாலே இது நெட்வொர்க் சமாச்சாரம் என்று சிஸ்டம்டி (பூட்டை நடத்தும் புரோகிராம்) புரிந்துகொள்ளும், நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் லாகை, அதாவது கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் குறிப்புகளைப் பாருங்கள். 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி' அடித்து, மவுன்ட் என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்றிருந்தால் நான் சொன்னதுதான். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றிருந்தால், சர்வர் பெயருக்குப் பதில் அதன் ஐபி எண்ணைப் போட்டுப் பாருங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் சர்வரில் என்எஃப்எஸ் இன்னும் எழவில்லை. கரண்ட் போய் வந்து மூன்றும் ஒன்றாக ஆன் ஆகும்போது இப்படி நடக்கும்.

வைஃபை என்பதால் எனக்கு இன்னொரு சந்தேகம். பாஸ்வேர்டு உங்கள் கணக்கில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால், நீங்கள் லாகின் செய்த பிறகுதான் வைஃபை இணையும், பூட் ஆகும்போது நெட்வொர்க்கே இருக்காது. வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பை மற்ற பயனர்களுக்கும் கிடைக்கும்படி மாற்றுங்கள். முடிந்தால் ஒரு கேபிளே இழுத்துவிடுங்கள், கடைக்கு அதுதான் நிம்மதி.

அப்புறம் எஃப்எஸ்டேப் வரியில் 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்' சேர்த்து ரீபூட் செய்யுங்கள். இனி பூட்டின்போது மவுன்ட் ஆகாது, ஃபோல்டரை யாராவது திறக்கும் நொடியில்தான் ஆகும். சர்வர் தாமதமாக எழுந்தாலும் பிரச்சினை இல்லை, சற்றுப் பொறுத்து மறுபடி திறந்தால் போதும்.

இதைவிட எனக்குக் கவலை வேறு. ஃபோல்டர் காலியாக இருந்த காலைகளில் யாராவது அதற்குள் ஒரு கல்யாணப் பத்திரிகையை சேவ் செய்திருந்தால், அது சர்வருக்குப் போகவில்லை, அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்கிலேயே இருக்கிறது. மவுன்ட் ஆனதும் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் மறைந்துவிடும், அழிந்திருக்காது. ஆட்டோமவுன்ட் சேர்க்கும் முன் ஒருமுறை அன்மவுன்ட் செய்து (இணைப்பைக் கழற்றி) உள்ளே பார்த்துவிடுங்கள். அப்படிக் கழற்றிய நிலையிலேயே அந்த ஃபோல்டரின் உரிமையை ரூட்டிடம் (நிர்வாகிக் கணக்கு) கொடுத்து, மற்றவர்கள் எழுத முடியாதபடி வைத்தால், மவுன்ட் ஆகாத நாளில் சேவ் செய்யும்போதே எரர் வந்து நிற்கும்.