ஊர் கூடிச் சாப்பிட்டு, அங்கே வசூலாகும் பணத்தை ஒரு கலைஞரின் வேலைக்குக் கொடுக்கும் விருந்துகளால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் கேள்வியில் நீங்கள் எதிர்பார்க்கிற பயன் அதுவாக இருக்காது. நண்பர்கள் ஆறேழு பேர் சேர்ந்து நான்கு வருடமாக இதை நடத்துகிறோம். பதினொரு விருந்து முடிந்துவிட்டது. பணம்தான் குறி என்றால் இதைவிடச் சுலபமான வழி நாலைந்து இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக, நடைமுறை இதுதான். வாசலில் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகை கொடுத்து உள்ளே வருவார்கள். மூன்று அல்லது நான்கு கலைஞர்கள் எழுந்து, தாங்கள் செய்ய நினைக்கும் வேலையைப் பற்றிச் சில நிமிடம் பேசுவார்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பேசி அலசுவார்கள். பிறகு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவருக்கு அன்று சேர்ந்த பணம் அப்போதே கைக்குப் போய்விடும்.

கலைஞர்களையும் சாப்பாட்டையும் சேர்த்து வைப்பது புதிதல்ல. 1971-லேயே நியூயார்க்கின் சோஹோ பகுதியில் கலைஞர்களான கார்டன் மாட்டா-கிளார்க், கரோல் குட்டன், டினா ஜிரூவார்ட் மூவரும் ‘ஃபுட்’ என்றே பெயர் வைத்து ஓர் உணவகம் திறந்தார்கள். சமைத்ததும் பரிமாறியதும் பெரும்பாலும் கலைஞர்கள்தான். அவர்களுக்கு அது ஒரு வருமானம். சாப்பிட வந்தவர்களே நிதி கொடுக்கும் முறைக்கு முன்னோடி என்று அமெரிக்காவில் சிகாகோ நகரின் ‘இன்குபேட்’ என்ற கலைக் குழுவைத்தான் பலரும் சொல்வார்கள். 2007-ல் அவர்கள் ஆரம்பித்த ‘சண்டே சூப்’பில் சூப் குடிக்க வந்தவர்களே யாருக்குக் காசு என்று முடிவு செய்தார்கள். 2009-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ‘ஃபீஸ்ட்’ என்ற இதே மாதிரி விருந்து ஒரு தேவாலயக் கூடத்தில் தொடங்கியது. 2010-ல் டெட்ராய்ட் நகரில் வந்த ‘டெட்ராய்ட் சூப்’பைப் பார்த்து வேறு நாடுகளிலும் இதுபோல் ஆரம்பித்தார்கள். அங்கே வாசலில் 5 டாலர் வாங்கினார்கள். நான்கு பேர், ஆளுக்கு நான்கு நிமிடம், கூட்டத்திலிருந்து நான்கு கேள்வி. கலை மட்டும் அல்ல, தோட்டம் போடுகிறவர், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர் என்று யாரும் எழுந்து பேச முடிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாங்களும் குதித்தோம். முதல் விருந்தில் செய்த முட்டாள்தனம், சாப்பாட்டைப் பிரமாதமாகப் போட நினைத்தது. பண்டம் கூடக் கூட செலவு ஏறியது. கூட்டம் நன்றாகத்தான் வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வென்றவர் கையில் கொடுக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் ஏன் சூப்பைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரே பெரிய பாத்திரம். பத்துப் பேர் அதிகமாக வந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம். இப்போது எங்கள் கணக்கு: வசூலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடுப்புக்குப் போகக் கூடாது. சமைப்பவருக்கான கூலியும் அதற்குள்தான். (கலைஞருக்குக் காசு வேண்டும் என்று ஊரைக் கூட்டிவிட்டு, சமைக்கிறவரை மட்டும் சேவை செய்யச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. இதில் குழுவுக்குள் பெரிய சண்டையே நடந்தது.)

சாப்பாட்டைவிடத் தலைவலி ஓட்டு. மூன்றாவது விருந்தில் உண்மையான போட்டி இரண்டு பேருக்கு இடையில்தான். ஒருவர் மூடப்போகும் தொழிற்கூடம் ஒன்றின் இயந்திர ஓசைகளைப் பதிவு செய்து, இருட்டறையில் கேட்க வைக்கப் போவதாகச் சொன்னார். இன்னொருவர் குழந்தைகளோடு சேர்ந்து சுவரோவியம் வரையப் போவதாகச் சொன்னார். குழந்தைகள் என்ற சொல் வந்ததுமே முடிவு தெரிந்துவிட்டது. போதாததற்கு அவர் தன் ஆட்கள் பதினெட்டுப் பேரை அழைத்து வந்திருந்தார். அவர் மேல் குற்றமில்லை, விதி அப்படி இருந்தது. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே ஓட்டுப் போடும் கூட்டம் மனதுக்கு இதமானதைத்தான் தேர்ந்தெடுக்கும். விளங்காத வேலை, எரிச்சலூட்டும் வேலை, தோற்றுப்போகக்கூடிய பரிசோதனை இவற்றுக்கு இந்த மேசையில் இடம் குறைவு. அப்படிப்பட்ட கலைஞருக்கு விண்ணப்பித்து வாங்கும் வழக்கமான நிதியுதவிகளே மேல் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போடக் கூடாது. தன் நண்பருக்கு ஒன்று போட்ட பிறகு, இரண்டாவதைப் போட மனிதர் உண்மையிலேயே யோசிக்கிறார். ஓசைப் பதிவு மாதிரியான வேலைகள் அந்த இரண்டாவது ஓட்டில்தான் மேலே வந்தன. இரண்டு, உட்காரும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. கூட்டமாக வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை.

பயன் எங்கே என்று கேட்டீர்களே, அது இப்படிக் கலந்து உட்கார்ந்ததில்தான் கிடைத்தது. ஆறாவது விருந்தில் ஓர் அம்மா, தன் ஓவியங்களைக் கையால் அச்சடித்துப் புத்தகமாக்க வேண்டும் என்று கேட்டுத் தோற்றார். ஓட்டில் கடைசி இடம். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஓய்வு பெற்ற அச்சக ஊழியர். அவர் வீட்டுக் கொட்டகையில் பழைய கை அச்சு இயந்திரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. “எடுத்துப் போங்கம்மா, நானே வந்து ஓட்டிக் காட்டுகிறேன்” என்றார். பணத்தை வென்றவரின் வேலை அந்த வருடம் பாதியில் நின்றுவிட்டது. அந்த அம்மாவின் புத்தகம் வந்துவிட்டது. எல்லா விருந்திலும் இப்படி நடக்காது. பதினொன்றில் உருப்படியாகச் சொல்லும்படி மூன்று முறை நடந்தது. இப்போது ஓட்டுச் சீட்டின் பின்பக்கம் ஒரு வரி அச்சிடுகிறோம்: “பணம் தவிர உங்களால் யாருக்கு என்ன தர முடியும்?” இடம், கருவி, வண்டி, ஒரு நாள் உழைப்பு என்று எழுதுகிறார்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை நான் ஆவலாகப் படிக்கிறேன்.

வென்றவர் எடுத்துக்கொள்ளட்டும், மற்றவர் வெறுங்கையோடு போகட்டும் என்ற முறையும் எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சைத் தயாரிக்க ஒரு வாரம், நின்று பேச ஒரு மாலை, தெரியாதவர்கள் முன்னால் தோற்க ஒரு நிமிடம். மேடை ஏறிய எல்லோருக்கும் இப்போது ஒரு சிறு தொகை தருகிறோம். வென்றவருக்குப் பங்கு கொஞ்சம் குறையும். இதுவரை யாரும் முணுமுணுக்கவில்லை.

தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது அறுபது பேர் வரும் விருந்தில் சேர்வது வண்ணத்துக்கும் மரத்துக்கும் அச்சுக்கும் ஆகும். வாடகைக்கும் கலைஞரின் மாதக்கணக்கான உழைப்புக்கும் ஆகாது. அதனால் விண்ணப்பமும் அந்த அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அரைப் பக்கம், ஒரு வரவு செலவு, அவ்வளவே. அடுத்த விருந்துக்கு வந்து என்ன செய்தேன் என்று ஐந்து நிமிடம் சொன்னால் போதும், வேறு அறிக்கை வேண்டாம்.

நீங்களே ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் தடவை நாற்பது பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். பேச்சுக்கு முன்னால் சூப்பையாவது கொடுத்துவிடுங்கள்; பசித்தவர்கள் யார் பேச்சையும் கேட்பதில்லை. பாத்திரம் கழுவ ஆறு பேரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் விருந்தில் நாங்கள் பேசி வைக்கவில்லை. எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்பிய பிறகு, பரிசுக் கவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வென்ற கலைஞரே எங்களோடு நின்று நள்ளிரவுவரை தட்டுக் கழுவினார்.