அளவு ஜாக்கெட்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கல்லூரிக் காலத்திலிருந்து உங்களைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. நாமக்கல் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். மகளுக்கு ஒரு வயது மூன்று மாதம் ஆகிறது.

உடுத்துவதில் எனக்கு எப்போதும் ஆசை உண்டு. விலை கூடியதெல்லாம் இல்லை. சுங்குடி, நெகமம், சில சமயம் இளம்பிள்ளைக்குப் போய் எடுத்து வருவது. ஒரு புடவைக்குச் சரியான ஜாக்கெட் துணி கிடைக்க நாலு கடை ஏறுவேன். மகள் பிறந்த பிறகு அது எல்லாமே நின்றுவிட்டது. வீட்டில் நாள் முழுக்க நைட்டி, யாராவது வந்தால் மேலே ஒரு துண்டு. பள்ளியில் புடவை கட்டாயம். பழைய ஜாக்கெட் ஒன்றுகூடக் கை நுழைய மாட்டேன் என்கிறது. ரெடிமேடாக வாங்கிய கறுப்பு ஒன்று, மெரூன் ஒன்று, இரண்டையும் வைத்து ஓட்டுகிறேன். பீரோவைத் திறந்தால் அழுகை வருகிறது.

அம்மாவிடம் சொன்னால், "பால் மறக்கடிச்சதும் இளைச்சிடுவே, அப்புறம் எல்லாம் போட்டுக்கலாம்" என்கிறார். மாமியார் திட்டவில்லை, ஆனால் "புள்ளை பெத்தாச்சு, இனிமே யாரு பாக்கப் போறா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மகளுக்கு மாதம் தவறாமல் கவுன் எடுக்கிறேன். எனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க மனம் வரவில்லை. குழந்தை நன்றாக இருக்கும்போது துணியை நினைத்து அழுவது சரியா அக்கா? பழையதை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?

ப.,
நாமக்கல்

அன்புள்ள ப.,

சரிதான். துணியை நினைத்து அழுவதற்கு உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடமாக, காலையில் பீரோவைத் திறந்து 'இன்று நான் இப்படி இருக்கப்போகிறேன்' என்று நீங்களே முடிவுசெய்து வந்தீர்கள். அந்த ஒரு நிமிடம் இப்போது உங்கள் கையில் இல்லை. எப்போது தூங்குவது, எப்போது சாப்பிடுவது என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறது. அதை மனதார ஏற்றுக்கொண்டீர்கள். அதோடு இதுவும் போனால் வலிக்கத்தான் செய்யும்.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் நம் வீடுகளில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம்தான் ஆகும். 'ஆறு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும்' என்ற பேச்சுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மற்றதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. கர்ப்ப காலத்தில் விலா எலும்புக்கூடு பக்கவாட்டில் விரிகிறது. வயிற்றின் நடுவே இரண்டு பக்கத் தசைகளும் விலகுகின்றன. சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் அந்த இடைவெளி முழுதாகச் சேர்வதில்லை. பாதத்தின் தசைநார் தளர்வதால் செருப்பு அளவுகூட மாறிவிடுகிறது, பலருக்கு அது திரும்புவதே இல்லை. பால் கொடுக்கும்வரை மார்பின் அளவு ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் வேறுபடும். ஆகவே கை நுழையாத ஜாக்கெட்டைப் பார்த்து 'குண்டாகிவிட்டேன்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்ளாதீர்கள். எடை பழையபடி இறங்கிய பெண்களுக்கும் பழைய ஜாக்கெட் சேராமல் போவதுண்டு. எலும்பே கொஞ்சம் இடம் மாறியிருக்கும்போது துணி என்ன செய்யும்?

நைட்டியை நீங்கள் ஏதோ தோல்வி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நைட்டி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. இடுப்பில் நாடா இல்லை, எலாஸ்டிக் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடக்கின்றன. அடிவயிற்றில் தையலோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு லெக்கிங்ஸின் எலாஸ்டிக் எங்கே உரசும் என்று அவளுக்குத்தான் தெரியும். முன்னால் ஜிப், நல்ல பருத்தி, இரவு மூன்று மணிக்கு இருட்டில் ஒரு கையால் திறக்கலாம், துவைத்துப் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அந்த மாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பு நம்மிடம் இல்லை. ஆனாலும் இந்த நைட்டியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் எத்தனை பேர். 2018-ல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்ற ஊரில், பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. சமைத்து, துவைத்து, பால் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி நிற்கிறவள் என்ன போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பதற்கு அபராதம்!

நைட்டி உங்களை எப்போது உறுத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தவிர வேறு எதையும் போட முடியாது என்றான பிறகுதான், இல்லையா? தேவைக்கு நீங்கள் எடுத்துப் போட்டது ஒரு கட்டத்தில் நிரந்தரமாகிவிட்டது. வீட்டில் உள்ளவர்களும் உங்களை அதிலேயே பார்த்துப் பழகிவிட்டார்கள்.

பிள்ளை வந்த பிறகு பெண்கள் உடையில் செய்யும் மாற்றங்களைக் கவனித்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. தோளில் குத்தும் ஊக்கு முதலில் போகும், குழந்தை முகத்தை அங்கேதான் புதைக்கும் என்பதால். கண்ணாடி வளையல் போய் மெல்லிய உலோக வளையல் வரும், அதுவும் ஓரம் மழுங்கியதாகப் பார்த்து. ஜிமிக்கியைக் குட்டிக் கை ஒரு முறை இழுத்த பிறகு தோடு. ஜரிகை கன்னத்தைக் கீறும், கஞ்சி போட்ட புடவை சொரசொரக்கும், சிந்தெடிக்கில் வியர்த்துக் குழந்தை சிணுங்கும். அப்புறம் நிறம். பால் கறை தெரியாத அடர் நிறம், சின்னப் பூப்போட்டது, புள்ளி போட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, துணியைத் தொட்டுப் பார்த்தே 'இது பிள்ளைக்கு ஆகும், ஆகாது' என்று விரல் சொல்லிவிடுகிற அளவுக்குத் தேறிவிடுகிறார்கள். நாலு கடை ஏறி ஜாக்கெட் துணி தேடிய அதே ரசனை வேறு வேலைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். உங்களிடமும் அது இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது.

இந்த மாற்றங்களெல்லாம் நீங்களாகச் செய்தவை. உங்கள் மாமியார் சொன்ன வாக்கியம் அப்படிப்பட்டதல்ல. "இனிமே யாரு பாக்கப் போறா" என்பதில், இதுவரை நீங்கள் உடுத்தியதெல்லாம் யாரோ பார்ப்பதற்காகத்தான் என்ற எண்ணம் இருக்கிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பிள்ளை பெற்றபோது அவரிடமும் யாரோ இதையே சொல்லியிருப்பார்கள், அவரும் ஏதோ ஒரு புடவையை மடித்து வைத்திருப்பார். ஒரு நாள் சாவகாசமாக அவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் மிக நீளமாகப் பதில் சொல்கிறார்கள்.

உங்கள் அம்மா சொல்வதுதான் எனக்கு அதைவிடக் கவலையாக இருக்கிறது. அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் அதில் ஒரு தவணை இருக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதன்படி பால் மறக்கடிக்க இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. பிறகு இளைக்க வேண்டும். அதற்குள் இரண்டாவது பிள்ளைப் பேச்சு வரும். அப்புறம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகட்டும், பத்தாவது முடிக்கட்டும், கல்யாணம் ஆகட்டும். அந்துருண்டை வாசனையோடு முப்பது வருடம் பீரோவில் கிடந்து, மடிப்பு மடிப்பாக நைந்துபோன பட்டுப் புடவைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் சொந்தக்காரர்கள் யாரும் 'உடுத்தவே மாட்டேன்' என்று முடிவெடுத்தவர்கள் இல்லை. 'அப்புறம்' என்று சொன்னவர்கள், அவ்வளவுதான்.

அதனால் இந்த மாதமே ஜாக்கெட் தைக்கக் கொடுங்கள். இருக்கிற உடம்புக்கு.

இதில் ஒரு விஷயம் முக்கியம். தையல்காரரிடம் பழைய அளவு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். கல்யாணத்துக்குத் தைத்ததைக் கொடுத்து, "இதைவிடக் கொஞ்சம் லூசா" என்று சொல்லிவிட்டு வருவோம். சுற்றளவு கூடும், ஆனால் மார்புக்கு வடிவம் தரும் டாட் மடிப்பு பழைய இடத்திலேயே இருக்கும், கைக்குழி பழைய மாதிரியே பிடிக்கும், போட்டுப் பார்த்துவிட்டு உடம்பைத்தான் திட்டுவோம். டேப் வைத்துப் புதிதாக அளவு எடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் சரியான அளவில் இரண்டு உள்ளாடை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு போங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பால் கட்டியிருக்கும் நேரத்தில் போகாமல், கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போவது நல்லது. கொக்கி முன்பக்கம் இருக்கட்டும். துணியை மூலைவாக்கில் வெட்டும் கிராஸ் கட்டில் தைத்தால் அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். பருத்தி லைனிங் வைத்தால் பள்ளியில் பால் கசிந்தாலும் உடனே வெளியே தெரியாது. பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். நாளைக்கு இளைத்தால் உள்ளே ஒரு தையல், பருத்தால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கறுப்பும் மெரூனும் எல்லாவற்றுக்கும் சேரும் என்பதற்காக வாங்கியவை. இந்த முறை ஒரே ஒரு புடவைக்கு மட்டும் சேர்கிற நிறமாகப் பார்த்து எடுங்கள்.

பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள். ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தித் தோல் கறுத்துப் புண்ணாவதுண்டு, தளர்ந்த வயிற்றில் இன்னும் சீக்கிரம். இடுப்பில் அகலமான பட்டி வைத்துத் தைத்த பாவாடை நல்லது.

பள்ளியில் புடவை கட்டாயம் என்பதையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த ஆணையிலேயே புடவையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவுடன் சுடிதாரும் இருந்தன. கோட்டையில் ஏற்றுக்கொண்டதை நாமக்கல் பள்ளியில் ஏற்கக் கூடாதா? தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய மற்ற ஆசிரியைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் புடவைதான் பிடிக்கும் என்றாலும் கேளுங்கள். இடைவேளையில் ஓடிப்போய்ப் பால் எடுத்து வைத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் கொசுவம் சரிசெய்யும் அவசரம் வேறு யாருக்கோ குறையும்.

பணம் செலவழிக்க மனம் வரவில்லை என்கிறீர்கள். மகளின் கவுன் மூன்று மாதத்தில் சின்னதாகிவிடும். உள்ளே துணி விட்டுத் தைத்த ஜாக்கெட் மூன்று வருடம் வரும். கணக்காகப் பார்த்தாலும் உங்கள் செலவுதான் சிக்கனம். ஆனால் இதைக் கணக்காகப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நீங்கள் சம்பாதிக்கிறீர்கள் என்பதும் இதற்குக் காரணமில்லை. சம்பாதிக்காத தாய்க்கும் வருடத்தில் நாலு நல்ல உடுப்பு வேண்டும். உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மகளை அவரிடம் விட்டுவிட்டுத் தையல் கடைக்குப் போங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் நிறம் பார்க்க முடியாது.

ஒன்றை மட்டும் தயங்காமல் கேட்கிறேன். அழுகை பீரோ முன்னால் மட்டும்தானா? குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராமல், பிடித்த சாப்பாடும் பாடமும்கூடச் சலித்துப்போய், நாள் முழுக்க மனம் கனத்தே இருந்தால், அது துணி விஷயம் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு வருடம் கழித்தும் இருக்கலாம், மருத்துவத்தால் சரியாகக் கூடியது. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பழைய துணிகளைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். புடவைகளைக் கொடுக்காதீர்கள், புடவைக்கு அளவே கிடையாது, எல்லாம் அப்படியே உங்களுக்குச் சேரும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவைகளில் ஒன்றிரண்டு மகளுக்குத் தூளியாகவும் விரிப்பாகவும் ஏற்கெனவே போயிருக்கும், அது நல்ல உபயோகம். ஜாக்கெட்டுகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். உள்ளே துணி இருப்பதைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைக்கலாம், கை பிடித்தால் அக்குளில் சின்னதாக ஒட்டு வைக்கலாம். உள்ளே துணியே விடாதவற்றை, அளவு சரியாக உள்ள கல்லூரிப் பெண் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் கொடுத்துவிடுங்கள். பீரோவில் ஒரு தட்டாவது காலியாகும், புதிதாகத் தைப்பவற்றை அங்கே வையுங்கள்.

அன்புடன்,
அக்கா