ரேமை மாற்றியும் பழுது போகவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

கேள்வி: பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தேன். முதல் நாள் மின்விசிறிகள் எல்லாம் சுற்றின. திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டு ரேம்களில் ஒன்றைக் கழற்றியதும் வேலை செய்தது. கழற்றிய ரேமைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். புதியதைப் போட்டாலும் திரை இருட்டுதான். சரி என்று ஒற்றை ரேமோடு ஓட்டினால், ஒரு மணி நேரம் வீடியோ எடிட் செய்வதற்குள் தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறது. ரேம் விற்றவர் மதர்போர்டைக் குறை சொல்கிறார். மதர்போர்டுக்காரர் பிராசஸரைப் பாருங்கள் என்கிறார். அடுத்து எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. ரேம் புதிதாக வந்துவிட்டது. பழுது மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பொருள் உண்மையிலேயே பழுது என்றால், அது போகிற இடத்துக்கெல்லாம் பழுதும் கூடவே போக வேண்டும். போகவில்லை என்றால் பழுது அந்த இடத்தில் இருக்கிறது. இத்தனை வருடங்களில் பழுது பார்க்க நான் நம்புகிற விதி இது ஒன்றுதான். ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றிப் பார்ப்பது பணத்தைக் கொட்டித் தேடுகிற வேலை.

ஆனால் விதியைப் பாதியில் விடக் கூடாது. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் நான்கு ரேம் ஸ்லாட்டுகள் இருந்தால், இரண்டு ரேம்களைப் போட வேண்டிய இடம் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். கையேட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். முதல் ரேமை மட்டும் ஏ2-வில் போட்டு இயக்குங்கள். பிறகு அதையே பி2-வில். பிறகு இரண்டாவது ரேமை ஏ2-வில், அதற்குப் பிறகு பி2-வில். மொத்தம் நான்கு சோதனைகள், நான்கு வரிகள். ஒவ்வொரு முறையும் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டே கை வையுங்கள். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் என்றால் இன்னொரு எச்சரிக்கை: ரேமை மாற்றியபின் முதல் முறை இயக்கும்போது, நினைவகத்தோடு பழகிக்கொள்ள மதர்போர்டு சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டைப் பார்த்துப் பதறி ஸ்விட்சை அணைத்தவர்கள் நல்ல ரேமையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

இரண்டு ரேம்களும் ஏ2-வில் ஓடி, இரண்டுமே பி2-வில் ஓடவில்லை என்று தாள் சொன்னால், ரேமை மறந்துவிடலாம். அப்படித்தான் சொல்லும் என்பது என் ஊகம்.

இங்கேதான் விற்றவர்கள் ஒருவரையொருவர் கை காட்டுவதற்கு இடம் கிடைக்கிறது. நினைவகத்தைக் கட்டுப்படுத்துகிற பகுதி இப்போது மதர்போர்டில் இல்லை. ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் அதை பிராசஸருக்குள் கொண்டுபோய்விட்டன. ஆகவே ஸ்லாட்டிலிருந்து கிளம்பும் கம்பித் தடங்கள் பிராசஸர் உட்காரும் சாக்கெட் வழியாக நேரே அதற்குள் போகின்றன. அந்தப் பாதையில் எங்கே அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: ஒரு ஸ்லாட் செத்ததுபோல் இருக்கும். மதர்போர்டுக்காரர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பிராசஸர் தானாகக் கெட்டுப்போவது என் அனுபவத்தில் அபூர்வம். அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில், பிராசஸரின் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கிற கூலரைத் தளர்த்துங்கள். வேடிக்கையாகத் தோன்றும், எத்தனையோ இயந்திரங்கள் இதிலேயே பிழைத்திருக்கின்றன. நான்கு ஸ்க்ரூக்களில் ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், பிராசஸர் ஒரு பக்கமாக அழுந்தி, மறுபக்கத்துத் தொடுமுனைகள் சரியாகத் தொடாமல் போகும். அப்போது முதலில் அடிபடுவது பல நேரம் ஒரு ரேம் பாதைதான். நான்கையும் தளர்த்தி, குறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஸ்க்ரூ தானே நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம்.

அதிலும் சரியாகவில்லை என்றால் கூலரைக் கழற்றி, பிராசஸரை வெளியே எடுத்து, சாக்கெட்டைப் பார்த்தாக வேண்டும். (ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போல, பிராசஸரின் அடியிலேயே பின்கள் இருக்கும் வகையாக இருந்தால், கழற்றும் முன் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள்; அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கியபின் கூலரை இலேசாகத் திருகி எடுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வெப்பப் பசை குளிர்ந்திருக்கும்போது மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூடவே வரும்.) இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 1700 தொடுமுனைகள், ஏஎம்டியின் ஏஎம்5-ல் 1718. தலைமுடி போன்ற பொடிக் கம்பிகள், வரிசை வரிசையாகச் சாய்ந்து நிற்கும். நேரே மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளியடியுங்கள். முனைகள் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்னும். அந்த வரிசையில் ஒரு புள்ளி மட்டும் மின்னாமலோ, கொஞ்சம் தள்ளியோ இருந்தால், அதுதான் நீங்கள் தேடுவது. பிறகு டார்ச்சைப் பக்கம் மாற்றி மீண்டும் பாருங்கள். சில வளைவுகள் ஒரு கோணத்தில் மட்டுமே தெரியும். செல்பேசி கேமராவின் ஜூமையும் பயன்படுத்துங்கள், படத்தையும் எடுத்து வையுங்கள். சில சமயம் அது வளைந்த பின்னாகக்கூட இருக்காது. வெப்பப் பசையின் துணுக்கு ஒன்று நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வளைந்த பின்னை மெக்கானிக்கல் பென்சிலின் முனையை வைத்து நிமிர்த்துகிறவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன், இரண்டு முறை பிழைத்தது, ஒரு முறை உடைந்தது. வாரண்டி இருக்கும்போது அதைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். வளைந்த பின்னை உற்பத்தியாளர்கள் பொதுவாக வாங்கியவர் செய்த சேதமாகவே கணக்கிடுவார்கள். அதனால்தான் புதுப் பெட்டியைத் திறந்த நிமிடமே, பிராசஸரை வைப்பதற்கு முன், சாக்கெட்டைப் படம் எடுத்துவிட வேண்டும். உங்களுக்கு இது தாமதமான அறிவுரை. அடுத்த போர்டுக்கு உதவும்.

இனி, தானாக அணைந்து எழும் கதை. இரண்டு பழுதுகளுக்கும் ஒரே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதலில் அது எப்படிச் சாகிறது என்று கவனியுங்கள். நீலத் திரை வந்து, ஏதோ ஒரு பிழைப் பெயரைக் காட்டிவிட்டு எழுந்தால் ரேம், பிராசஸர், டிரைவர் மென்பொருள் என்று தேட வேண்டும். பிளக்கைப் பிடுங்கியதுபோல் சட்டென்று இருண்டால் மின்சாரம், சூடு, ஷார்ட் என்று தேட வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருக்கும். அதைப் பார்த்ததும் ‘பவர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றக் கிளம்புகிறவர்கள் ஏராளம். கம்ப்யூட்டர் முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்த வரி எதையும் சொல்வதில்லை. செத்தது என்கிறது, எதனால் என்று சொல்லவில்லை. அதன் அருகில் ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ என்று பிழை இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் அது வன்பொருளே எழுதிவைத்த புகார்.

அடுத்து, மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போய், ரேமை வேகமாக ஓட்டுகிற எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். ரேம் பெட்டியில் பெரிய எழுத்தில் 6000 என்று அச்சிட்டிருப்பார்கள். டிடிஆர்5-ன் அடிப்படை வேகம் 4800. 6000 போன்ற எண் பெரும்பாலும், இந்த அமைப்பை இயக்கினால் மட்டுமே கிடைக்கிற, பல பிராசஸர்கள் உத்தரவாதம் தராத வேகம். அதை அணைத்ததும் இயந்திரம் ஒழுங்காக ஓடினால், எந்தப் பாகமும் பழுதில்லை என்றுகூட ஆகலாம். வேகம் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பயாஸைப் புதுப்பித்தால் பல நேரம் அதுவும் சரியாகிவிடும். அந்த அமைப்பை அணைத்த நிலையிலேயே, ரேமைச் சோதிக்கும் நிரலான மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். “ஒன்றுதானே” என்று விட்டால், அது ஒரு நாள் உங்கள் கோப்புக்குள் உட்காரும். பிழை வந்தால் மறுபடியும் நம் விதி: ரேமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள், பிழை கூட வருகிறதா பாருங்கள்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைய பிராசஸர்கள் சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அணைவது கடைசி நடவடிக்கை. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு எடிட் செய்யுங்கள். வெப்பநிலை கண்ணெதிரே தெரியும். நூறை நெருங்கினால் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் இருமுறை கண்டிருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கிற சோதனை, அது உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பளு தாங்குமா என்று காட்டாது. உங்கள் இயந்திரம் சாகிறது பளு ஏறும்போது. 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். ஆனால் கண நேரச் சரிவை மல்டிமீட்டர் பிடிக்காது. நன்றாக ஓடுகிற இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே நேர்மையான சோதனை. அப்படிச் செய்யும்போது ஒன்றை மறக்கவே கூடாது: அதனோடு வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில் பாகங்கள் பக்கத்து முனைகளுக்குத்தான் பொதுத் தரநிலை. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. பிளக் அழகாகப் பொருந்தும், ஸ்விட்சைப் போட்டதும் ஹார்டு டிஸ்க் புகையும். ஒரு பழுதைத் தேடிப் போய் மூன்று பழுதுகளோடு திரும்புவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியையும் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் எல்லாவற்றையும் கேபினட்டிலிருந்து வெளியே எடுங்கள். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் போர்டை வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ரேம், தேவையானால் கிராஃபிக்ஸ் கார்டு, இவ்வளவோடு இயக்குங்கள். போர்டைச் சுற்றி வந்த பளபளப்பான பையின் மேல் வைக்க வேண்டாம். அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கணம் தொட்டால் போதும், ஓடத் தொடங்கும்.

ஒருமுறை எனக்கு வந்த இயந்திரம் நினைத்தபோதெல்லாம் அணைந்து எழுந்தது. ரேம், எஸ்எம்பிஎஸ், கடைசியில் மதர்போர்டையும் மாற்றிவிட்டிருந்தார் அதன் சொந்தக்காரர். நானும் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அட்டைப் பெட்டியின் மேல் வைத்து ஓட்டினால் இரவு முழுக்க ஓடுகிறது. கேபினட்டுக்குள் போனால் சாகிறது. பழுது இடத்தோடு நிற்கிறது என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள மூன்று நாள் ஆனது. கேபினட்டின் முன்பக்க ரீசெட் பட்டன் உள்ளே அரைகுறையாகச் சிக்கிக்கொண்டு, மின்விசிறியின் அதிர்வில் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. அந்த ஒற்றைக் கம்பியைப் பிடுங்கிப் போட்டதும் முடிந்தது. ஆகவே நீங்கள் போர்டை வெளியே எடுக்க அலுப்பாக இருந்தால், குறைந்தபட்சம் ரீசெட் கம்பியையாவது முதலில் கழற்றிவிட்டுப் பாருங்கள். போர்டின் அடியில் துளையில்லாத இடத்தில், போர்டைத் தூக்கி நிறுத்துகிற பித்தளைத் தாங்கி ஒன்று அதிகப்படியாக முளைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

உங்கள் பிராசஸர் எது என்று நீங்கள் எழுதவில்லை. இன்டெல்லின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை என்றால் தனியாக ஒரு வார்த்தை. அவற்றில் பல, அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலைவதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தங்களை வெளியிட்டது; பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே பட்ட சேதத்தை ஆற்றாது. புதிய பயாஸுக்குப் பிறகும் பளுவில் விழுந்தால் பிராசஸரை மாற்றிக் கேளுங்கள்.

கடைசியாக, யாரிடம் போவது என்பது. “வேலை செய்யவில்லை” என்று எழுதினால் “வேறு பாகத்தைப் பாருங்கள்” என்றுதான் பதில் வரும். அதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். அந்த நான்கு வரித் தாள், பயாஸ் பதிப்பின் எண், மெம்டெஸ்ட் திரையின் படம், சாக்கெட்டின் படம், வரிசை எண், பில் எல்லாவற்றையும் ஒரே மடலில் வையுங்கள். “இரண்டு வேறு ரேம்கள் ஏ2-வில் ஓடுகின்றன, இரண்டும் பி2-வில் ஓடவில்லை, கூலரைத் தளர்த்திப் பார்த்தாயிற்று, பின்கள் நேராக இருக்கின்றன” என்று எழுதுகிறவரைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். பின்கள் நேராக இருந்தால் முதலில் மதர்போர்டை அனுப்புங்கள், பிராசஸரை அல்ல. விற்றவரிடம் திருப்பித் தரும் காலக்கெடு முடியவில்லை என்றால் அவரிடமே போங்கள். உற்பத்தியாளரின் வாரண்டி வழியில் வாரங்கள் ஓடிவிடும், கைக்கு வருவதும் பழுது நீக்கிய பழைய போர்டாக இருக்கலாம்.

பிராசஸரை எடுத்துவிட்டு அனுப்பும்போது, சாக்கெட்டின் மேல் முதலில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தேடிப் பொருத்திவிடுங்கள். அது இல்லாமல் வரும் போர்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதே இல்லை. குப்பையில் போட்டிருந்தால் கூடையை இன்றே கிளறுங்கள்.