குழந்தைகளோடு ஸ்பெயின் கிராமப்புறம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தம்பி மாட்ரிட்டில் பணிபுரிகிறான். மே மாதப் பள்ளி விடுமுறையில் ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு அவனிடம் செல்கிறோம். ஒரு நாளாவது கிராமப்புறத்தைப் பார்க்க ஆசை. தொலேதோ, கொன்சுவெக்ரா காற்றாலைகள், செகோவியா ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காரில் சுற்றிவிடலாம் என்கிறான் தம்பி. முடியுமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: முடியும், சகோதரி, ஆனால் உங்கள் பிள்ளைகள் அன்று முழுவதும் முன் இருக்கையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு ஊர்களும் மாட்ரிட்டுக்குத் தெற்கே இருக்கின்றன. செகோவியாவோ வடமேற்கே, குவாதர்ராமா மலைத்தொடருக்கு அப்பால் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் மூன்று ஊர்கள் என்பது வெறும் களைப்பு. மூன்று வயதுக் குழந்தைக்கு அது அழுகையில்தான் முடியும். ஓர் ஊரை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கே நிதானமாக இருந்துவிட்டு வாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

அந்த ஓர் ஊர் செகோவியாவாக இருக்கட்டும். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் செல்லுங்கள். மாட்ரிட்டின் சமார்த்தின் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வழியில் மலையைக் குடைந்து அமைத்த, 28 கி.மீ.க்கும் மேல் நீளமுள்ள சுரங்கப்பாதை வருவதால் பிள்ளைகளுக்குக் காது அடைக்கலாம். சப்புவதற்கு ஏதேனும் கையில் இருக்கட்டும். ரயில் நிலையம் ஊருக்கு வெளியே வயல்வெளியில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்தில் ஏறினால், ரோமானியர் கட்டிய தொட்டிப்பாலத்தின் அருகே இறங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பாலத்தை அண்ணாந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். 28 மீட்டர் உயரத்தில், சாந்து எதுவும் பூசாமல், கல்லின் மேல் கல்லாக அடுக்கி நிறுத்திய கட்டுமானம் அது. ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள மலை ஓடையின் நீரை ஊருக்குள் கொண்டுவந்தது. கருங்கற்களின் பக்கங்களில் சிறுசிறு குழிகள் தெரியும். கல்லைத் தூக்கி மேலே ஏற்றுவதற்காக இரும்புக் கிடுக்கியின் பற்கள் கவ்விய இடங்கள் அவை. கைக்கு எட்டும் ஒரு குழியைக் காட்டி, உங்கள் மகளை விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வேலை எப்படி நடந்திருக்கும் என்று அவளே கேட்கத் தொடங்குவாள்.

பிறகு பழைய ஊரின் வழியாக, கப்பலின் முகப்பைப் போல் நிற்கும் அல்காசார் கோட்டை வரை நடந்து செல்லலாம். தெருக்களில் கல் பாவியிருப்பதால் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்கள் திணறும். மகனைத் தூக்கிச் சுமக்கும் துணிப்பை இருந்தால் கொண்டுசெல்லுங்கள். கோட்டைக்குக் கீழே எரெஸ்மா ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கினால், மரநிழலில் நடக்கும் பாதையும், கோட்டையை அண்ணாந்து பார்க்கும் புல்வெளியும் இருக்கின்றன. நீங்கள் தேடும் கிராமப்புறம் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைகளை ஓடவிட்டு நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடமும் அதுவே. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மே மாதக் காலைகளில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். இரவு 9 மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும் என்பதால், வெளிச்சத்தை நம்பினால் பிள்ளைகளின் தூக்க நேரம் தவறிவிடும். கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.

கார்தான் வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தால், கொன்சுவெக்ராவுக்கு மட்டும் செல்லுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்தில், மே மாதமாக இருந்தால் கோதுமை வயல்களின் ஓரமெங்கும் சிவப்புக் கசகசாப் பூக்கள் கண்ணில் படும். குன்றின் முதுகில் 12 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. கூரைக்குக் கீழே கோபுரத்தைச் சுற்றிலும் அமைந்த சிறு சன்னல்களைக் கவனியுங்கள்: காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்பதை ஆலைக்காரர் அவற்றின் வழியாகத்தான் அறிந்து, பின்னால் நீண்டிருக்கும் மரத்தண்டைத் தள்ளி, கூரையையே காற்றை நோக்கித் திருப்புவார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்குக் காற்று புதிதன்று. ஆனாலும் குன்றின் விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. மகனின் கையை விடாதீர்கள்.

கேள்வி: ஜூலையில் செவில் நகரில் ஒரு வாரம் தங்குகிறோம். வாடகைக் கார் எடுத்து, நானே ஓட்டி, அந்தப் பக்கத்து, வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசிய வெள்ளை ஊர்களைக் காட்டலாம் என்றிருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான்கு வயதும் ஏழு வயதும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், குப்பம், சித்தூர் மாவட்டம்

பதில்: முதலில் வெயிலில், ஐயா. செவிலில் ஜூலை மாதத்தில் 40 டிகிரி என்பது அரிதன்று. அந்நாட்டுக் கடிகாரம் சூரியனுக்கு வெகுவாக முந்தி ஓடுவதால், அங்கே பிற்பகல் 2.30 மணிக்குத்தான் உச்சிவேளை. வெப்பம் மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையே உச்சத்தைத் தொடுகிறது. நம் ஊர் வழக்கப்படி, மதிய உணவுக்குப் பின் படுத்து எழுந்து நான்கு மணிக்குப் புறப்படலாம் என்று நினைத்தால், மிக மோசமான வெயிலில்தான் பிள்ளைகளை இறக்கிவிடுவீர்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி, பார்க்க வேண்டியதைப் பிற்பகல் 1.30 மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.

ஜூலைக்கு ஏற்ற ஊர் செத்தெனில் தே லாஸ் போதெகாஸ். ஆறு அரித்த பாறைக் குடைவுகளுக்குள் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். முன்சுவர் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை, கூரை முழுப் பாறை. ஒரு தெருவில் பாறை தலைக்கு மேல் முழுவதும் கவிந்து நிற்பதால் வெயிலுக்கு வழியே இல்லை. ரோண்டா என்ற ஊரின் பாலம் 1793இல் முடிக்கப்பட்ட அரிய கட்டுமானம்தான்; ஆனால் கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆழப் பள்ளத்தின் மேல் நான்கு வயதுக் குழந்தையோடு நிற்கும் பதற்றத்தை அதே நாளில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். பயணத்தை அக்டோபருக்குத் தள்ள முடியுமானால், ஒல்வேரா என்ற ஊரிலிருந்து தொடங்கும் பசுமைப் பாதையைப் பாருங்கள்: ரயிலுக்காக அமைத்து ரயிலே ஓடாமல் போன 36 கி.மீ. தடம் இன்று நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரியது. 30 சுரங்கங்களும், பாறு கழுகுகள் கூடு கட்டும் ஒரு பாறை மலையும் அந்த வழியில் வருகின்றன.

அடுத்தது கார். 135 செ.மீ. உயரத்துக்கு மிகாத பிள்ளைகள் பின் இருக்கையில், அவரவர் உயரத்துக்கேற்ற குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும் என்பது அங்கே சட்டம். உங்கள் ஏழு வயதுப் பிள்ளையும் அநேகமாக இந்த வரம்புக்குள் வருவார். முன்பதிவின்போதே இரண்டு இருக்கைகளைக் கேட்டுவிடுங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் ஓட்டுநர் உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், ரவுண்டானாவில் இடப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். முதல் நாள் கை தடுமாறுவது இங்கேதான். மலைச்சாலை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரக்கூடும் என்பதால், காலை உணவைக் குறைவாகக் கொடுங்கள்.

கேள்வி: மகன் குடும்பத்தோடு ஸ்பெயின் செல்கிறேன். நான் முட்டையும் சேர்க்காத சைவம். பேரனுக்கு ஒன்றரை வயது. ஊர் சுற்றும் நாளில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இங்கிருந்து எவற்றைக் கொண்டுபோகலாம்?
– வாசகி, குமுளி

பதில்: அம்மா, சிற்றூர் உணவகங்களில் பிற்பகல் 2 மணிக்கு முன் மதியச் சாப்பாடு கிடைப்பது கடினம், 4 மணிக்குச் சமையலறையை மூடினால் இரவு 8.30 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். ஆகையால் பேரனுக்கு 12 மணிக்கே கையிலிருப்பதை ஊட்டிவிடுங்கள். பெரியவர்கள் இரண்டு மணிக்கு உட்காரும்போது அவன் தள்ளுவண்டியில் தூங்கட்டும்.

உங்களுக்கு, தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டியும், கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாறும், வாட்டிய காய்களும் எங்கும் கிடைக்கும். பெயரை நம்ப வேண்டாம்: காய்கறி சாண்ட்விச் என்று தருவதிலேயே பெரும்பாலும் சூரை மீனோ முட்டையோ இருக்கும், குழம்பு வகைகளில் இறைச்சிச் சாறு சேர்ப்பதும் வழக்கம். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் உவேவோ’ – இறைச்சி, பன்றித் தொடைக்கறி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் – என்று ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு காட்டுங்கள்.

கொண்டுபோவதைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருள்களையும் இறைச்சியையும் எடுத்துச் செல்லத் தடை உண்டு. நெய்யும் பால்கோவாவும் பறிமுதலாகும். கறிவேப்பிலையையும் வைக்க வேண்டாம். கைக்குழந்தைக்கான பால்மாவுக்கு மட்டும், கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலமாக 2 கிலோ வரை விலக்கு அளிக்கிறார்கள். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் தடையில்லை. பருப்புப்பொடி, அவல், தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் வறுவல் ஆகியவற்றை நன்றாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். தயிரை அங்கேயே எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.